வலி இல்லாத வீக்கம்

9 ஜூன் 2014, திங்கள்

முதல் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுப் படுத்தேன். நான்கு மணிக்கு எழுந்து முகம் கழுவப் போனால் கண்ணாடியில் வேறு எவனோ நிற்கிறான். கீழுதடு இடது பக்கம் மட்டும் தடித்துத் தொங்குகிறது. தொட்டுப் பார்த்தேன். வலி இல்லை, அரிப்பு இல்லை, சூடு இல்லை. என் உதடு மாதிரியே இல்லை.

தமயந்தி பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "எவகிட்ட அடி வாங்கிட்டு வந்தீக?" முப்பத்தொரு வருஷமாகச் சுரங்கத்தில் கரி போகிற பெல்ட்டைக் கட்டிக்கொண்டு அழுகிறவனிடம் பெண்டாட்டி கேட்கிற கேள்வியா இது!

குளவி கொட்டியிருக்கும் என்றாள். கொட்டிய இடத்தைத் தேடினோம். எங்கேயும் இல்லை.

10 ஜூன்

உதடு பழையபடி இருக்கிறது. நேற்று வீங்கியதற்கு ஓர் அடையாளமும் இல்லை. தமயந்தி மட்டும் பார்த்திருக்காவிட்டால் கனவு என்றே நினைத்திருப்பேன்.

24 ஜூன், செவ்வாய்

இன்று வலது கண். காலையில் எழும்போதே இமை மூடிக் கிடந்தது. லீவு போட மனமில்லை. கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

கேட்டில் காவலுக்கு நின்றவர் புது ஆள். கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். அடையாள அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மறுபடி அட்டை, மறுபடி நான். "இதுல இருக்கறது யாருங்க?" என்றார். எனக்குப் பின்னால் ஷிப்டுக்கு வந்த கூட்டம் நிற்கிறது. "நான்தான்யா, வெள்ளைச்சாமி" என்றேன். "பேரு சரிங்க. ஆளு?"

கோபாலகிருஷ்ணன் வந்து சாட்சி சொன்ன பிறகுதான் உள்ளே விட்டார். இருபது வருஷமாக என்னோடு ஒரே கன்ட்ரோல் ரூமில் இருப்பவன் கோபாலகிருஷ்ணன். உள்ளே போய் உட்கார்ந்ததும் அவனும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "ரொம்ப நேரம் பார்த்தா எனக்கே சந்தேகம் வருது அண்ணே" என்றான். கேலிக்குத்தான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மத்தியானத்துக்குள் இமை திறந்துவிட்டது.

29 ஜூன், ஞாயிறு

இதை இப்படியே விடக்கூடாது. பெல்ட் நின்றால் எதனால் நின்றது என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. பத்துக் கிலோமீட்டர் பெல்ட்டில் எந்த உருளை மக்கர் பண்ணுகிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்லியிருக்கிறேன். என் உதட்டைக் கண்டுபிடிக்க முடியாதா?

ஷிப்ட் லாக் புக்கில் ஒரு முறை உண்டு. ஓடிக்கொண்டிருப்பதை எழுதக்கூடாது, மாறியதை மட்டும் எழுத வேண்டும். எல்லாவற்றையும் எழுதினால் அடுத்த ஷிப்ட்காரனுக்குக் கோளாறு கண்ணில் படாது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். இந்த நோட்டிலும் அப்படியே செய்யப் போகிறேன். காலைக் காப்பி, பிரஷர் மாத்திரை, இரண்டு வருஷமாக விடாத வறட்டு இருமல், ஜன்னல் விளிம்பில் படிகிற கரித்தூள், இதெல்லாம் ஓடிக்கொண்டிருப்பவை. எழுத வேண்டியதில்லை. புதிதாக என்ன தின்றேன், எங்கே போனேன், யார் வந்தார்கள், அதை மட்டும் எழுதுவேன்.

தமயந்தி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி நச்சரிக்கிறாள். எங்கள் கம்பெனி ஆஸ்பத்திரியில் வாய் திறந்தால் மெடிக்கல் புக்கில் ஏறிவிடும். ரிட்டயர் ஆக இன்னும் ஒன்றரை வருஷம். என்னோடு ஷிப்டில் இருந்த மருதாசலம் தலைசுற்றல் என்று போய்ச் சொன்னான். மெடிக்கல் போர்டு கூப்பிட்டு, ஷிப்டுக்கு லாயக்கில்லை என்று எழுதி, ஃபைல் அடுக்குகிற வேலையில் உட்கார வைத்துவிட்டார்கள். ஆறு மாதத்தில் பாதி ஆளாகிவிட்டான். மாதாமாதம் மாத்திரை வாங்கப் போகும்போது என் முகம் நன்றாகத்தான் இருக்கிறது. பிரஷரும் நன்றாக இருக்கிறது. நான் எதற்காக வாயைக் கொடுத்து வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டும்?

6 ஜூலை, ஞாயிறு

மாரியம்மாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஐந்து வருஷமாக எங்கள் வீட்டில் வேலை செய்கிறாள். வளையமாதேவிக்குப் போகும் வழியில் ஊர். எட்டு மணி பஸ்ஸில் வருவாள், மத்தியானம் இங்கேயே சாப்பிட்டுவிட்டுப் போவாள்.

"கேம்ப்ல பிரசர் அளந்து பாத்தாங்க அய்யா, நூத்தி எம்பது இருக்குதாம். பெரியாசுபத்திரிக்குப் போவச் சொன்னாங்க. அங்கப் போயி நின்னுகினு இருந்தா ஒரு நாளு வேல பூடுமே."

சமையலறை அலமாரியில் என் மாத்திரை அட்டைகள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. தீரும் முன்பே போய் அடுத்த மாதத்துக்கு வாங்கிவிடுவது என் பழக்கம். ஆறு அட்டை எடுத்துக் கொடுத்தேன். காலையில் ஒன்று, விடாமல் போடு என்றேன். கும்பிட்டு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். நல்ல காரியம் செய்ததாகத்தான் நினைக்கிறேன்.

15 ஜூலை

மேலுதடு. முந்தின நாள் பலாச்சுளை தின்றேன். பலா நிறுத்தம்.

22 ஜூலை, செவ்வாய்

பலா இல்லாமலே வந்துவிட்டது. இந்த முறை இடது கன்னமும் கீழுதடும் சேர்ந்து. பயந்துவிட்டேன். ரத்தம்தான் முகத்துக்கு ஏறுகிறது என்று பட்டது. பிரஷர் ஏறாமல் இப்படி எப்படி வீங்கும்? ஒரு மாத்திரை கூடுதலாகப் போட்டேன். 23 காலை சேர்த்தது: முகம் சரியாகிவிட்டது.

ஆக, நிவாரணம் கண்டுபிடித்தாயிற்று. காரணம்தான் பாக்கி.

3 ஆகஸ்ட், ஞாயிறு

பஸ் ஏறிப் பண்ருட்டி போய் ஒரு டாக்டரைப் பார்த்தேன். ஊர்க்காரர் கண்ணில் படக்கூடாது என்றுதான் அவ்வளவு தூரம் போனேன். உதடு வீங்கியே இருந்தது, காட்ட வசதி. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். நோட்டைப் பார்த்து ஒப்பித்தேன். அசந்துபோனார். "மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?" என்றார். "ஒண்ணும் இல்ல சார்" என்றேன்.

ஏதோ ஒவ்வாமை என்றார். ஊசி போட்டார். முந்திரியை நிறுத்தச் சொன்னார். பண்ருட்டியில் உட்கார்ந்துகொண்டு முந்திரியை நிறுத்தச் சொல்கிற டாக்டர்! வெளியே வந்தால் தெரு முழுக்க முந்திரி வறுக்கிற வாசனை.

11 ஆகஸ்ட், திங்கள்

இதை எப்படி எழுதுவது?

காலை எட்டரைக்குக் கதவைத் தட்டுகிற சத்தம். திறந்தேன். மாரியம்மாள் நிற்கிறாள். வாயை முந்தானையால் மூடியிருந்தாள். என்னம்மா என்றேன். முந்தானையை எடுத்தாள்.

கீழுதடு. இடது பக்கம் மட்டும் தடித்துத் தொங்குகிறது. ஜூன் ஒன்பதாம் தேதி கண்ணாடியில் நான் பார்த்த அதே உதடு. அவள் முகத்தில் என் உதடு இருந்தது.

"எழுந்திரிக்கும்போதே இப்பிடித்தாங்க. வலி ஒண்ணும் இல்ல. அய்யாவுக்கு வந்தது எனக்கும் வந்துடுச்சிங்களா?"

ஒரு மாத்திரை கூடப் போடு, எனக்கு அதில்தான் வடிகிறது என்றேன். தமயந்தி சமையலறையிலிருந்து வந்து பார்த்தாள். "ஆத்தாடி" என்றாள். அவள் முகம் சுத்தமாக இருந்தது. ஒரு தடிப்பு இல்லை.

12 ஆகஸ்ட்

மாரியம்மாளுக்கு வடிந்துவிட்டது. ஒரே நாளில்.

இரண்டு பேர். சொந்தம் இல்லை, ஊர் ஒன்றில்லை, வயது ஒன்றில்லை. பொதுவாக இருப்பது இந்த வீடும் இந்த வீட்டுச் சாப்பாடும்தான். எங்கள் பிளாக்கில் எல்லாக் குவார்ட்டர்ஸும் ஒரே அச்சு. ஒரே ஜன்னல், ஒரே தொட்டி, ஒரே குழாய்த் தண்ணீர். அடுத்த வீட்டில் யாருக்கும் எதுவும் இல்லை.

இதே வீட்டில் சாப்பிடுகிற மூன்றாவது ஆளுக்கும் இல்லை.

எழுதிவிட்டேன். எழுதியதை அடிக்கப் போவதில்லை.

19 ஆகஸ்ட், செவ்வாய்

சமையலறை வாசலில் செருப்பில்லாமல் நின்றேன். தமயந்திக்குத் தெரியாது. அரிசி டின்னுக்கு அடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். இரண்டு விரலால் கிள்ளி என் மோர்த் தம்ளரில் போட்டாள். கலக்கினாள். ஏதோ முணுமுணுத்தாள். பிறகு மாரியம்மாளுக்கு வைத்திருந்த மோரிலும் அதே மாதிரி.

கொண்டுவந்து கொடுத்தாள். "குடிங்க, வெயில்ல வந்திருக்கீக" என்றாள். குடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டிருந்து, அவள் திரும்பியதும் வாஷ்பேசினில் ஊற்றினேன்.

கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம். எனக்கு என்ன செய்தாள், நான் அவளுக்கு என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். குழந்தை இல்லை என்று ஒரு காலத்தில் என் வீட்டார் பேசாத பேச்சில்லை. அப்போது நான் வாயைத் திறக்கவில்லை. அதை மறந்திருப்பாளா?

20 ஆகஸ்ட்

கேன்டீனில் சாப்பிட்டேன். வீட்டில் பசி இல்லை என்றேன்.

22 ஆகஸ்ட், வெள்ளி

பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த மாரியம்மாளிடம் போய் மெதுவாகச் சொன்னேன், இந்த வீட்டில் எதையும் வாயில் வைக்காதே என்று. "அந்தம்மாவாங்க?" என்றாள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் மீதித் துணியை உதறாமலே போட்டுவிட்டுப் போனாள்.

30 ஆகஸ்ட், சனி

வீட்டுச் சாப்பாட்டை நிறுத்திப் பதினோரு நாள். வீக்கம் இல்லை. ஒரு நாள்கூட இல்லை.

31 ஆகஸ்ட், ஞாயிறு

பொட்டலத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். இது என்ன என்றேன்.

தமயந்தி முதலில் பொட்டலத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஏன் கேட்கிறேன் என்று அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்தது எனக்குத் தெரிந்தது. முகம் ஒரு மாதிரி வெளுத்துப் போய்விட்டது.

"நம்ம ஊரு அய்யனார் கோயில் துன்னூறு. அக்கா அனுப்பி வச்சா. சொன்னா குடிக்க மாட்டீகன்னு சொல்லாம போட்டேன். மாரியம்மா பாவம்னு அவளுக்கும் போட்டேன்." அப்புறம் குரல் உடைந்தது. "நான் ஒங்களுக்கு இடுமருந்து வைப்பேன்னா நெனச்சீக? அதானா பத்து நாளா கேன்டீனு? சொல்லுங்க, அதானா?"

நான் பொட்டலத்தை முகர்ந்து பார்த்தேன். திருநீறு வாசனைதான். முகர்ந்து பார்த்திருக்கக் கூடாது. அவள் கண் முன்னால் அதைச் செய்திருக்கக் கூடாது.

1 செப்டம்பர்

தமயந்தி விருத்தாசலத்தில் ரயில் ஏறிவிட்டாள். சாத்தூரில் அக்கா வீட்டுக்கு. நான் கொண்டுபோய் விடவில்லை.

மாரியம்மாளும் வரவில்லை.

5 செப்டம்பர், வெள்ளி

நானே சோறு வடித்து, நானே ரசம் வைத்து, நானே சாப்பிட்டேன். சாயங்காலம் நாக்கு தடித்துவிட்டது. வாய்க்குள் நாக்கு வைக்க இடம் போதவில்லை. ழகரம் வரவில்லை.

தமயந்தி முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறாள்.

அப்படியானால் அவள் இல்லை. அவள் இல்லவே இல்லை. இதை எழுதிவிட்டு உடனே போன் பண்ண வேண்டியதுதானே? பண்ணவில்லை. ஏன் என்றால் அடுத்து எனக்கு வந்த நினைப்பு இது: அங்கே இருந்துகொண்டே செய்ய முடியுமோ?

படித்தவன்தானே நீ? ஐ.டி.ஐ. முடித்தவன். வெட்கமாக இருக்கிறது. இரண்டு மாத்திரை போட்டேன். 6 காலை சேர்த்தது: நாக்கு சுருங்கிவிட்டது.

7 செப்டம்பர், ஞாயிறு

மார்க்கெட்டில் நெடுமாறனைப் பார்த்தேன். மாரியம்மாளின் மகன், சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை, நாற்பது வயது இருக்கும். அம்மா ஏன் வருவதில்லை என்றேன். தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"பயப்படுதுங்க. அந்த வூட்டுப் பக்கம் போவ மாட்டேங்குது. ரெண்டு தபா வீங்கிடுச்சி. கோயிலுக்கு இட்டுகினு போயி கயிறு கட்டியாந்தோம். மாத்திரைய மட்டும் உடாம போடுது. அய்யா குடுத்ததுதான் வீக்கத்த எறக்குதுன்னு சொல்லிகினு இருக்குது. அட்டைதான் தீந்துடுச்சி."

இந்த ஒரு வாரத்தில் என் மனம் குளிர்ந்தது அப்போதுதான். நில்லு என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து இன்னும் மூன்று அட்டை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். வீக்கம் பெரிதாக இருந்தால் இரண்டு போடச் சொல் என்றேன். எனக்கும் அப்படித்தான் சரியாயிற்று என்றேன்.

12 செப்டம்பர், வெள்ளி. ஆஸ்பத்திரி.

பேச முடியவில்லை. எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்குக் கன்ட்ரோல் ரூமில் போன் எடுத்துப் பேசினேன். எதிர்முனையில் "யாரு பேசறது?" என்றார்கள். என் குரல் எனக்கே தெரியவில்லை. நாக்கு வாயை அடைத்துக்கொண்டு வெளியே தள்ளிவிட்டது. மூச்சு போகிற வழி சின்னதாகிக்கொண்டே வந்தது. வலி இல்லை அப்போதும். வலித்திருந்தால் கத்தியிருப்பேன். கோபாலகிருஷ்ணன் ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தான்.

டாக்டர் பிரபாவதி. சின்ன வயசு. ஊசிகள், மாஸ்க், தொண்டையில் வைக்கக் குழாய் எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு என் பக்கத்திலேயே இரண்டு மணி நேரம் நின்றார். குழாய் போடாமல் தப்பித்தேன். நாக்கு கொஞ்சம் அடங்கியதும் என் மெடிக்கல் புக்கைப் புரட்டினார். "எனலாப்ரில் எத்தனை நாளா சாப்பிடறீங்க?" என்று கேட்டார். இரண்டு விரலைக் காட்டினேன். "ரெண்டு மாசமா?" இல்லை என்று தலையாட்டி, வருஷம் என்று எழுதிக் காட்டினேன். "வறட்டு இருமல் இருக்கா?" என்றார். இருமலைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. அவருக்கு எப்படித் தெரியும்?

"இந்த பிரஷர் மாத்திரைதான் சார். சிலருக்கு இருமல் வரும். ஆயிரத்துல ஒருத்தர், ரெண்டு பேருக்கு இப்படி முகம், நாக்கு வீங்கும். போட்ட உடனேயும் வரலாம், வருஷம் கழிச்சும் வரலாம். ஒவ்வாமை ஊசிக்கு அடங்காது, தானா வந்து தானா வடியும். இனிமே இந்த மாத்திரை உங்க வாழ்க்கையில கிடையாது. நிறுத்தின பிறகும் சில வாரம் லேசா வந்து போகலாம், பயப்படாதீங்க. இதுக்கு முன்னாடியும் வீங்கியிருக்குமே, அப்பவே ஏன் வரல?"

கோபாலகிருஷ்ணனிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்து இந்த நோட்டைக் கொண்டுவரச் செய்து புரட்டிப் பார்த்தேன். வீங்கிய ஒவ்வொரு நாளும் இருக்கிறது. பலா, முந்திரி, மோர், பெண்டாட்டி எல்லாம் இருக்கிறது. நாள் தவறாமல் காலையில் போட்ட மாத்திரை ஒரு பக்கத்திலும் இல்லை. எழுத வேண்டியதில்லை என்று நானே ஒதுக்கிவிட்டேன்.

13 செப்டம்பர், சனி

தமயந்தி காலையில் வந்து சேர்ந்தாள். கோபாலகிருஷ்ணன் போன் செய்திருக்கிறான். என் முகத்தைப் பார்த்து, ஈரத் துணியால் வாயைத் துடைத்துவிட்டாள். டாக்டர் சொன்னதை நர்ஸ் அவளுக்குச் சொன்னார். முழுவதும் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"மாரியம்மாளுக்கும் அதானே குடுத்தீக?"

ஒரு பகல், ஒரு ராத்திரி முழுக்க எனக்கு மாரியம்மாள் நினைப்பே வரவில்லை. ஒன்பது அட்டை. வீங்கினால் இரண்டு போடு.

நோட்டில் பெரிய எழுத்தில் எழுதிக் கிழித்துக் கொடுத்தேன்: மாத்திரையை நிறுத்து. வீக்கம் அதனால்தான். உடனே ஆஸ்பத்திரிக்கு வா. வெள்ளைச்சாமி. நெடுமாறன் நம்பர் தமயந்தி போனில் இருந்தது. கூப்பிட்டாள். "நெடுமாறா, நான் அய்யா வீட்டம்மா பேசுறேன்" என்றாள். கட்டாகிவிட்டது. மறுபடி கூப்பிட்டால் எடுக்கவில்லை. நர்ஸ் போனிலிருந்து கூப்பிட்டால் அணைத்து வைத்திருந்தது. பஸ் பிடித்து அவளே போனாள்.

நாலு மணிக்குத் திரும்பி வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து சேலை மடிப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"என்னைத் தெருவுல பாத்ததுமே பொம்பளைக புள்ளைகளை உள்ள இழுத்துக்கிட்டாக. நெடுமாறன் வாசல்ல நின்னுக்கிட்டான். 'அய்யா எங்கம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாருங்க, நீங்க போங்க'ன்னான். மாத்திரையைக் குடுத்துருங்கன்னு கெஞ்சினேன். 'அது ஒண்ணுதான் எங்கம்மாவ காப்பாத்திகினு இருக்குது, அதயும் புடுங்க வந்தியா'ன்னு கேட்டான். ஒங்க சீட்டை வாசல்ல வச்சேன். குச்சியால தள்ளித் தள்ளிக் கொண்டுபோயி கொளுத்திட்டாக. உள்ளேருந்து மாரியம்மா குரல் கேட்டுது. ஒங்க குரல் நேத்து எப்படி இருந்துச்சுன்னு கோபாலகிருஷ்ணன் சொன்னாரோ, அப்படி இருந்துச்சு."

அவளைக் கும்பிட்டேன். என் கையைப் பிடித்துக் கீழே வைத்துவிட்டாள்.

கோபாலகிருஷ்ணன் இரண்டாம் ஷிப்டில் இருக்கிறான், அவனுக்கு ஆள் அனுப்பியிருக்கிறோம். ராத்திரி என்னை இங்கிருந்து விட மாட்டார்கள். நாளைக் காலை அவன் வண்டியில் நானே போகிறேன்.

14 செப்டம்பர், ஞாயிறு

விடியற்காலை போய்விட்டாளாம்.

நாங்கள் போனபோது எட்டு மணி. வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு நாற்காலி போட்டார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். "அய்யா ஒடம்புக்கு முடியாததுலயும் வந்துட்டாரு" என்று ஒரு பெண் அழுதாள். மாரியம்மாளைப் பார்த்தேன். உதடும் நாக்கும் வடியவே இல்லை. செத்தால் வடிந்துவிடும் என்று ஏனோ நினைத்திருந்தேன்.

சொல்லத்தான் போனேன். தொண்டை வேலை செய்யவில்லை. தொண்டை என்று எழுதுகிறேன். தொண்டை மட்டும்தானா?

17 செப்டம்பர்

டாக்டர் பிரபாவதியிடம் மாரியம்மாளைப் பற்றிச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தார். "சொந்தமா?" என்றார். இல்லை என்றேன். "குடும்பத்துக்குள்ள வர்றதைப் படிச்சிருக்கேன். ஒரே வீட்டுல சம்பந்தமில்லாத ரெண்டு பேருக்கு வந்ததை நான் பார்த்ததே இல்லை சார்" என்றார். மாத்திரையா என்று கேட்டேன். மாத்திரைதான் என்றார். ஆனாலும் பார்த்ததில்லை என்றார்.

30 செப்டம்பர், செவ்வாய்

காரியம் முடிந்து நெடுமாறன் வந்தான். மொட்டைத் தலை. உள்ளே வரவில்லை, வாசலுக்கு வெளியிலேயே நின்றான். ஒரு காகித உறையை நீட்டினான். மீதி மாத்திரை. "நல்ல மாத்திரைங்க, வீணாப் பூடக்கூடாது. அய்யாவுக்கு ஆவும்" என்றான்.

குரல் திரும்பிவிட்டது எனக்கு. சாக்கு ஒன்றும் மிச்சமில்லை. சொன்னேன். "நெடுமாறா, உங்கம்மாவைக் கொன்னது இந்த மாத்திரைதான். கொடுத்தவன் நான். ரெண்டு போடச் சொன்னவனும் நான். என் பொண்டாட்டி ஒண்ணும் செய்யலை. நான்தான் அவளைச் சந்தேகப்பட்டு உங்கம்மாகிட்ட உளறினேன். போலீசுக்குப் போறியா, நான் வர்றேன்."

அவன் கோபப்படுவான், சட்டையைப் பிடிப்பான் என்று நின்றேன். அவன் என்னைப் பாவமாகப் பார்த்தான்.

"எங்க மாமாவும் இதத்தாங்க போடறாரு. ஆறு வருசமா. பேரக்கூட ஒத்துப் பாத்துட்டேன். அவருக்கு ஒண்ணும் இல்லியே. எங்க தெருவுலயே நாலு பேரு போடறாங்க." குரலைத் தாழ்த்தினான். "அந்தம்மா உள்ள இருக்குது, அதான் இப்பிடிச் சொல்றீங்க. எனக்குப் புரியுதுங்க. அய்யா ஜாக்கிரதையா இருங்க."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது.

5 அக்டோபர்

அடுத்த வீட்டுப் பேச்சியம்மாளுக்குத் தமயந்தி சுண்டல் கொடுத்து அனுப்பினாள். கிண்ணம் கழுவித் திரும்பி வந்தது. சாயங்காலம் பார்த்தால் அவர்கள் வீட்டுக் கொல்லையில் காக்கைகள் சுண்டல் பொறுக்கிக்கொண்டிருக்கின்றன. என்ன சொல்லியிருப்பார்கள், யார் சொல்லியிருப்பார்கள் என்று கேட்க எனக்கு வாய் ஏது?

12 அக்டோபர், ஞாயிறு

கீழுதடு. லேசாக.

மாத்திரையை விட்டு ஒரு மாதம் ஆகிறது. டாக்டர் சொன்னதுதான், சில வாரம் வந்து போகும். எனக்குத் தெரியும். நேற்று காலைக் காப்பியிலிருந்து ராத்திரி படுக்கும் வரை எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறேன், டாக்டர் மாற்றிக் கொடுத்த மாத்திரை உட்பட. எல்லாம் தெரியும்.

தமயந்தி தட்டில் இரண்டு தோசையும் சட்னியும் கொண்டுவந்து வைத்தாள். தோசையைப் பிய்க்கப் போன என் கை நின்றுவிட்டது. ஒரு நொடிகூட இருக்காது. நானாக நிறுத்தவில்லை, சத்தியமாக நானாக நிறுத்தவில்லை.

அவள் பார்த்துவிட்டாள். தரையில் உட்கார்ந்து, என் தட்டிலிருந்து ஒரு விள்ளல் பிய்த்து, சட்னியில் தோய்த்துத் தன் வாயில் போட்டு மென்றாள். விழுங்கிய பிறகு தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

19 அக்டோபர், ஞாயிறு

வீக்கம் இல்லை. மூன்று நாளில் தீபாவளி.

ஒரு வாரமாக ஒவ்வொரு வேளையும் தமயந்தி என் தட்டில் முதல் வாய் எடுத்துத் தின்றுவிட்டுத்தான் எனக்குத் தருகிறாள். வேண்டாம் என்று நான் இன்னும் சொல்லவில்லை.